டிராயரை முழுசாக இழுத்துப் பாருங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஃபைல் கேபினெட் வாங்க வேண்டும் என்றால் அந்த வேலை என்னிடம்தான் வரும். எனக்கும் பிடித்த வேலைதான். கடைக்குப் போவதற்கு முன்னால் இருக்கிற காகிதத்தை அளந்துவிடுவேன். என்ன அளவுத் தாள், தொங்கவிடுகிற ஃபைலா, பாக்ஸ் ஃபைலா, எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளம் வரும் என்று டேப் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வேன். மூடி வைத்திருக்கும்போது எல்லாக் கேபினெட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காகிதம் நிறைந்த டிராயர் முழுக்க வெளியே வந்து நிற்கும்போதுதான் அதன் தரம் தெரியும்.

காகிதத்தின் எடையைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ, அதன் கனம் சுமார் 5 சென்டிமீட்டர். ஒரு டிராயருக்குள் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் 12 ரீம் பிடிக்கும். அதாவது 30 கிலோ. நாலு டிராயரும் நிறைந்தால் காகிதம் மட்டுமே 120 கிலோ. இரும்பின் எடை தனி.

இந்த 30 கிலோவையும் தாங்குவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சேனல்கள்தான், அதாவது டிராயர் ஓடுகிற தண்டவாளங்கள். அதனால் கைப்பிடியையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன்னால் சேனலைப் பாருங்கள். பிளாஸ்டிக் சக்கரம் வைத்த சேனல் காலி டிராயரில் நன்றாகவே ஓடும், பாரம் ஏறிய பிறகுதான் இழுபறி. பால் பேரிங் வைத்த, ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு வருகிற டெலஸ்கோபிக் சேனல்தான் என் தேர்வு. கடையில் டிராயரை முழுசாக இழுத்து, முன் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்ப்பேன். அப்படியே இடது வலதாக ஆட்டியும் பார்ப்பேன். முன்பக்கம் தொய்ந்தாலோ, பக்கவாட்டில் கடகடவென்று ஆடினாலோ அடுத்ததுக்குப் போய்விடுவேன். சில கேபினெட்டில் டிராயர் முக்கால்வாசிதான் வெளியே வரும். அந்தக் கடைசிக் கால்வாசியில் இருக்கும் ஃபைலை எடுக்க மணிக்கட்டை மடக்கி உள்ளே துழாவ வேண்டும். தினமும் ஃபைல் எடுக்கிறவருக்கு அது பெரிய தொல்லை. ஒரு டிராயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 40 கிலோவுக்குக் கீழே என்றால் நான் எடுப்பதில்லை.

இன்னொரு சோதனை உண்டு, அதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். ஒரு டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த டிராயரை இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கும்படி உள்ளே ஒரு பூட்டு அமைப்பு இருக்க வேண்டும். இரண்டு டிராயர் ஒன்றாக வெளியே வந்தால் 60 கிலோ பாரம் முன்பக்கம் சாய்கிறது. கீழ் டிராயர்கள் காலியாக இருந்தால் கேபினெட் அப்படியே ஆள் மேல் கவிழும்.

செங்குத்தான நாலு டிராயர் கேபினெட்டா, அகலமான டிராயர் கொண்டதா என்பது சுவர் எவ்வளவு இருக்கிறது, நடைபாதை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செங்குத்தானது சுவரில் ஒன்றரை அடிதான் பிடிக்கும், ஆனால் ஆழம் இரண்டு அடிக்கு மேல். டிராயரைத் திறந்தால் இன்னொரு இரண்டு அடி முன்னால் வரும், அதற்கு முன்னால் ஆள் நிற்க இரண்டு அடியாவது வேண்டும். ஆக, சுவரிலிருந்து ஆறு அடிக்கு மேல் காலியாக விட வேண்டும். அகலமானது மூன்று அடி சுவரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஆழம் ஒன்றரை அடிதான். ஒடுக்கமான அறைக்கு அதுதான் சரி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, டிராயர் திறந்த நிலையில் யார் எப்படிக் கடந்து போவார்கள் என்று நடந்து பார்த்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பாக்ஸ் ஃபைல் என்றால் இரண்டுமே வேண்டாம். அதற்குத் தட்டு வைத்த அலமாரிதான் பொருத்தம்.

தாள் அளவையும் விட்டுவிடாதீர்கள். ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், லீகல் தாள் 356. ஏ4 அளவுக்கே செய்த டிராயரில் பழைய ஒப்பந்தங்கள் மடங்கித்தான் உட்காரும். ஒரு மாதிரி ஃபைலைக் கையோடு எடுத்துப்போய் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

தகட்டின் தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய கனம் கூடும். 20 கேஜ் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ் முக்கால் மில்லிமீட்டர் அளவில் வரும். மில்லிமீட்டரிலேயே கேட்டுவிட்டால் குழப்பம் இல்லை. டிராயரின் உள் விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தகடு மடித்து விடப்பட்டிருக்க வேண்டும், வெட்டிய விளிம்பு அப்படியே நின்றால் கையைக் கிழிக்கும்.

சாதாரண இரும்புக் கேபினெட் தீக்குப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தகடு சூடேறினால் உள்ளே இருக்கும் காகிதம் கருகிவிடும். மூலப் பத்திரங்களுக்குத் தீ தாங்கும் கேபினெட் ஒன்று தனியாக வாங்குங்கள். அதில் உள் வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் தாங்கும் என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே போய்விடும் என்பதால் அவற்றை இதற்குள் நம்பி வைக்காதீர்கள்.

எந்த டிராயரில் எது என்பதை வாங்கும்போதே யோசித்துவிடுவேன். எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு முழங்கால் வலி, குனிந்து உட்கார்ந்து கீழ் டிராயரைத் திறக்க முடியாது. நடப்பு ஆண்டு வவுச்சர்கள் மேலிருந்து இரண்டாவது டிராயரில், அவர் நின்றபடி எடுக்கிற உயரத்தில் இருக்கும். முடிந்துபோன வருடங்களின் கட்டுகள்தான் கனம் அதிகம், எடுப்பதும் அபூர்வம். அவை அடி டிராயருக்குப் போகும், கேபினெட்டும் அசையாமல் நிற்கும். அடியில் இருக்கும் திருகுக் கால்களை ரசமட்டம் வைத்துச் சரிசெய்துவிட்டு, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். பூட்டின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணை அன்றைக்கே குறித்து வையுங்கள். சாவி தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லி வேறு சாவி கேட்கலாம்.