இளஞ்சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சிவப்பு

பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் பெரிய தக்காளிகள் விதைப் பட்டியல்களில் உண்டு. ஒரு பொட்டலம் வாங்கி விதைத்திருந்தால் ஒரே பருவத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கோ பிராண்டிவைன் ரகத்தின் உடலும் கிரீன் ஸீப்ரா ரகத்தின் நிறமும் ஒரே செடியில் சேர வேண்டும், அதை நானே சேர்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தேதான் இறங்கினேன். இப்போது ஐந்தாம் தலைமுறைச் செடிகள் தோட்டத்தில் நிற்கின்றன. இந்த வேலையில் கடினம் என்று பலரும் அஞ்சுவது எளிதாகவும், எளிது என்று நினைப்பது கடினமாகவும் இருப்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பிராண்டிவைன் பழைய அமெரிக்க ரகம். இளஞ்சிவப்புப் பழம், 400 கிராம் எடை அதற்குப் பெரிய விஷயமில்லை. இலை மட்டும் தக்காளி இலை போல இருக்காது. ஓரத்தில் வெட்டுகள் இல்லாமல் அகலமாக, உருளைக்கிழங்குச் செடியின் இலையை ஒத்திருக்கும். கிரீன் ஸீப்ரா 1983இல் டாம் வாக்னர் வெளியிட்ட ரகம். சிறிய பழம், பச்சைச் சதை, மேலே கரும்பச்சைக் கோடுகள். பழுக்கும்போது தோல் மட்டும் பொன்மஞ்சளாக மாறும். இலை வழக்கமான தக்காளி இலை.

எதைத் தாயாக வைப்பது என்பதில் நான் யோசிக்கவே இல்லை. பிராண்டிவைனின் இலை ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே பிராண்டிவைன் பூவில் கிரீன் ஸீப்ரா மகரந்தம் உண்மையிலேயே ஏறியிருந்தால், பிறக்கும் நாற்று ஒவ்வொன்றும் வழக்கமான இலையோடு வரும். உருளைக்கிழங்கு இலையோடு வந்தால், பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிட்டது என்று பொருள். பழம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாற்றுத் தட்டிலேயே பதில் கிடைத்துவிடும். திருப்பி, கிரீன் ஸீப்ராவைத் தாயாக்கியிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. தக்காளியைக் கலக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் ஒடுங்கு பண்பு எந்தச் செடியில் இருக்கிறதோ, அதைத் தாயாக வையுங்கள்.

மகரந்தம் ஏற்றும் வேலைக்குக் கூர்மையான சாமணமும் நடுங்காத கையும் போதும். தக்காளிப் பூ தனக்குள்ளேயே சேர்க்கையை முடித்துக்கொள்ளும் பூ. மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மஞ்சள் கூம்பாகி, சூலகத்தண்டைச் சுற்றி மூடி நிற்கும். பூ விரிந்த பிறகு போனால் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். விரிவதற்கு முந்தைய நாள், இதழ்கள் வெளிர்மஞ்சளாகிப் புல்லிகளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் மொட்டுதான் சரியானது. கூம்பின் அடியில் சாமணத்தை நுழைத்து, பக்கவாட்டில் கிழித்து, துண்டு துண்டாக எடுத்துவிட வேண்டும். நடுவில் பச்சை ஊசி போலச் சூலகத்தண்டு மட்டும் மிஞ்சும். அதை வளைத்துவிட்டாலோ கீறிவிட்டாலோ அந்தப் பூவை மறந்துவிட வேண்டியதுதான். பிராண்டிவைன் போன்ற பெரும்பழ ரகங்களில் முதல் கொத்தில் பல பூக்கள் ஒட்டிப் பிறந்தாற்போல ஒரு தடித்த பூ வரும். அதைத் தொடாமல் அடுத்த கொத்துகளுக்குப் போனேன்.

தந்தைச் செடியில், காற்று உலர்ந்திருக்கும் முற்பகலில், நன்றாக விரிந்த பூவின் காம்பை மின் பல்துலக்கியால் அதிரவைத்தால் கீழே பிடித்த சிறு கண்ணாடித் தட்டில் மகரந்தம் உதிரும். வண்டுத்தேனீக்கள் சிறகடிக்காமல் பறக்கும் தசைகளை அதிரவைத்துச் செய்வதும் இதே வேலைதான். அந்தத் தூளில் சூல்முடியை ஒருமுறை தோய்த்தேன், மறுநாள் இன்னொரு முறை. பிறகு புல்லிகளில் இரண்டைப் பாதியாக வெட்டிவிட்டேன். வெட்டிய புல்லி திரும்ப வளராது என்பதால், கட்டிய நூல் அறுந்தாலும் எது கலப்புக் காய் என்று கடைசிவரை தெரியும். பகல் 32 டிகிரியைத் தாண்டி இரவும் 24 டிகிரிக்குக் குறையாத நாள்களில் இந்த வேலையில் இறங்குவது வீண். மகரந்தம் வலுவிழந்துவிடும், பூ காம்பின் முட்டியில் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். என் முதல் தொகுதி அப்படித்தான் போனது. வெயில் தணிந்ததும் செய்தவற்றில் சில பிடித்தன, அதிலும் ஒரே ஒரு காய் போதுமானதாக இருந்தது.

விதையை எடுத்து, வழவழப்பு நீங்க இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அலசி, காயவைத்து விதைத்தேன். மூன்றாவது நான்காவது இலையில் விடை வந்தது: எல்லாம் வழக்கமான இலை. முதல் தலைமுறைக்கு நிறைய செடிகள் வைப்பது இடத்தை வீணாக்குவது. பெற்றோர் இரண்டும் நிலைத்த ரகங்கள் என்றால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு செடி போதும், ஒன்று செத்தால் இன்னொன்று.

அவை பழுத்தபோது பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் பிறந்தவை பளிச்சென்ற சிவப்பு, ஒரு கோடுகூட இல்லை. விளக்கம் எளிது. இளஞ்சிவப்புத் தக்காளி என்பது சிவப்புச் சதைமேல் நிறமற்ற தோல், சிவப்புத் தக்காளி என்பது அதே சதைமேல் மஞ்சள் தோல். பிராண்டிவைன் சிவப்புச் சதையைக் கொடுத்தது, கிரீன் ஸீப்ரா மஞ்சள் தோலைக் கொடுத்தது. இரண்டும் ஓங்கு பண்புகள், தாய் தந்தையில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளியே தெரிபவை. பச்சையும் கோடும் ஒடுங்கு பண்புகள் என்பதால் உள்ளே ஒளிந்துகொண்டன. எடை மட்டும் ஏமாற்றம். பெரிய பழத்தையும் சிறிய பழத்தையும் கலந்தால் பிள்ளை நடுவில் நிற்காது, சிறியதன் பக்கமே சாயும். 400 கிராமுக்கும் 100 கிராமுக்கும் நடு 250. ஆனால் 200 அளவில் வந்தாலே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை இரண்டாம் தலைமுறையில்தான். முதல் தலைமுறைச் செடியின் ஒரு பழத்திலிருந்தே தேவையான விதை முழுவதும் கிடைத்துவிடும். பச்சைப் பழம் வர இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று சிவப்பு நிறமி உருவாவதைத் தடுத்துச் சதையை மஞ்சளாக்குவது, மற்றொன்று பழுக்கும்போது பச்சையம் சிதையாமல் வைத்திருப்பது. இவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால், பள்ளியில் மெண்டலின் பட்டாணியில் படித்த 9:3:3:1 விகிதம் அப்படியே தோட்டத்தில் நடக்கும். பதினாறில் ஒன்பது பங்கு சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. மூன்று பங்கு மஞ்சள். மூன்று பங்கில் சிவப்பும் பச்சையமும் சேர்ந்து கரும்பழுப்பு. மிச்சமிருக்கும் ஒரு பங்குதான் பச்சை. பெற்றோரிலும் இல்லாத, முதல் தலைமுறையிலும் இல்லாத இரண்டு நிறங்கள் திடீரென்று வந்து நிற்பதைப் பார்க்கவே இந்த வேலையைச் செய்யலாம்.

பதினாறில் ஒன்று என்றால் 16 செடி வைத்தால் போதும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒரு பச்சையாவது கிடைக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமானால் 47 செடி வேண்டும். அதோடு உருளைக்கிழங்கு இலையும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நான்கில் ஒரு நாற்றுக்குத்தான் அந்த இலை வரும் என்பதால், ஏறத்தாழ 190 நாற்று முளைத்தால்தான் அப்படி 47 தேறும். ஆனால் இலைக்கு இடம் தேவையில்லை. நெருக்கமாக விதைத்த தட்டிலேயே முக்கால் பங்கைக் களைந்துவிடலாம். பழத்தின் நிறத்துக்குத்தான் மண்ணும் தண்ணீரும் மாதங்களும் வேண்டும். ஆகவே தட்டிலேயே கழிக்கக்கூடியதைத் தட்டிலேயே கழித்துவிட வேண்டும். 2005இல் அமெரிக்காவின் கிரேக் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்க் ஸ்மாலும் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டமும் இந்த வசதியில் நின்றதுதான். குட்டைத்தன்மையும் ஒடுங்கு பண்பு, நாற்றிலேயே தடித்த தண்டும் சுருங்கிய இலையுமாகத் தெரிந்துவிடும். இரண்டு அரைக்கோளங்களின் கோடையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வீட்டுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து 100க்கும் மேற்பட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள்.

என் தோட்டத்தில் அத்தனை செடிக்கு இடமில்லை. ஒற்றைத் தண்டாக வளர்த்து, நெருக்கமாக நட்டு, முதல் கொத்து பழுத்ததும் பார்த்து, தின்று, பிடுங்கினேன். நல்ல செடியைப் பிடுங்குவதுதான் இதில் உண்மையான கடினம். கரும்பழுப்பில் ஒன்று, சுவையில் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டது. அதன் விதையைத் தனியே எடுத்துவைத்தாலும் அந்த வழியில் போகவில்லை. கரும்பழுப்புக்குச் சிவப்புச் சதை வேண்டும், அது ஓங்கு பண்பு. அப்படிப்பட்ட மூன்று செடிகளில் இரண்டு, பார்க்க ஒழுங்காக இருந்துகொண்டே அடுத்த தலைமுறையில் பச்சையை ஈன்றுவிடும். பச்சை அப்படியில்லை. கண்ணில் பட்ட கணமே அது நிலைத்துவிட்டது. இலையும் அவ்வாறே. ஒடுங்கு பண்பு வருவது அரிது, வந்தால் மாறாது. ஓங்கு பண்பு எளிதில் வரும், எத்தனை தலைமுறை ஆனாலும் சந்தேகம் தீராது. சின்னத் தோட்டத்தில் ரகம் உருவாக்குபவர்கள் தங்கள் குறிக்கோளைக் கூடியமட்டும் ஒடுங்கு பண்புகளாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கிடைத்த பச்சைகளில் ஒன்று சப்பென்று இருந்தது. மற்றொன்றில் புளிப்பும் இனிப்பும் சரியாக இருந்தன. அதன் விதைகள் மூன்றாம் தலைமுறையில் ஒன்று விடாமல் உருளைக்கிழங்கு இலையோடும் பச்சைப் பழத்தோடும் வந்தன. நான் கேட்காமலே சில செடிகளில் கோடும் வந்தது. இரண்டு தலைமுறை ஒளிந்திருந்த கிரீன் ஸீப்ராவின் கோடு. அவற்றை வைத்துக்கொண்டேன், இனி அதுவும் போகாது. சுவையும் அளவும் வேறு கதை. அவற்றை ஒரு மரபணு ஆள்வதில்லை. உடன்பிறந்த செடிகளுக்குள் வேறுபாடு தலைமுறைக்குத் தலைமுறை குறையும், பாதி பாதியாக: இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு மரபணு இணைகள் கலந்திருந்தால், மூன்றில் 25, நான்கில் 12.5, ஐந்தில் 6 சொச்சம். அதற்குள் வேண்டியதைப் பிடித்துவைத்தால் உண்டு. பிராண்டிவைன் அளவு எனக்கு வரவில்லை. அதன் பாதி வந்தது. மறுபடி பிராண்டிவைனோடு சேர்க்கலாம், ஆனால் நிறத்தை முதலிலிருந்து தேட வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

மிச்சமிருப்பது தோல். பச்சைத் தக்காளி பழுத்துவிட்டதா என்று பார்த்தே அறிய மஞ்சள் தோல் வேண்டும். நிறமற்ற தோல் என்றால் ஒவ்வொரு பழத்தையும் அமுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் மஞ்சள் தோல் ஓங்கு பண்பு. நான் எந்த வலையில் விழாதீர்கள் என்கிறேனோ அது இங்கே தவிர்க்க முடியாதது. மஞ்சள் தோல் செடிகள் ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி உறையில் போட்டு, ஒவ்வோர் உறையிலிருந்தும் 11 செடி வளர்க்கிறேன். பதினொன்றும் மஞ்சள் தோலாகவே வந்தால் அந்தக் குடும்பத்தை 95 விழுக்காட்டுக்கு மேல் நம்பலாம். இந்தப் பருவத்தில் ஒரு குடும்பம் அந்தச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. மழைக்குப் பிறகு அதன் பழங்கள் தோள்பட்டையில் வெடிக்கின்றன, அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.