ஐந்து நாற்காலிகள், ஒரு பொருள்: போர்ட் ஃபெய்ரி இசைவிழாவில் மூன்று நாள்

நேற்றிரவுதான் மெல்பர்ன் திரும்பினோம். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. காலணியில் ஒட்டிய புல்லும் மணலும் அப்படியே இருக்கின்றன. மூன்று நாள் கூட்டத்தோடு சேர்ந்து பாடியதில் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள போர்ட் ஃபெய்ரி என்ற சிற்றூரில், மார்ச் மாதத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடக்கும் நாட்டுப்புற இசைவிழாவுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாகச் சொல்லத்தான் எண்ணம். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே போகிறவர்கள் பெரிய மேடையைச் சுற்றியே மூன்று நாளையும் கழித்துவிடாதீர்கள். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடும் கச்சேரிகள் சிறிய கூடாரங்களில் நடக்கின்றன. கொடுத்த காசுக்குப் பலன் அங்கேதான் இருக்கிறது.

பயணம் நன்றாகவே தொடங்கியது. விக்டோரியா அரசு 2023 மார்ச் 31 முதல் மாநிலத்துக்குள் ஓடும் தொலைதூர ரயில்களுக்கும் நாள் ஒன்றுக்கு 9.20 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருந்தாலும், வார்னம்பூல் வரையிலான மூன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் பன்னிரண்டு டாலருக்குள் முடிந்துவிடுகிறது. உடன் வந்த அக்கா, செலவுக் குறிப்பேட்டின் முதல் வரியாக அதை மனநிறைவோடு எழுதிக்கொண்டாள்.

அந்த மனநிறைவு வார்னம்பூலில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் போய்விட்டது. அங்கிருந்து போர்ட் ஃபெய்ரிக்கு இன்னும் 28 கிலோமீட்டர் இருக்கிறது. எங்களுக்கு முன் இறங்கியவர்கள் கிதார்ப் பெட்டிகளோடும் படுக்கைச் சுருள்களோடும் பேருந்தை நிரப்பிவிட்டார்கள்; அடுத்த பேருந்து வரும்வரை காத்திருந்தால் முதல் கச்சேரி தவறிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு வேன்காரர் வந்தார். ஏறும்போது தொகையைச் சொல்லவில்லை, நாங்களும் அவசரத்தில் கேட்கவில்லை. இறங்கும்போது 140 டாலர் என்றார். மீட்டர் எங்கே என்று கேட்டதற்கு, விழா நாட்களில் இதுதான் விலை என்றார், கூடாரப் பைக்குத் தனியாகப் பத்து டாலர் சேர்த்துக்கொண்டார், ரசீதும் தரவில்லை. ஊருக்குப் புதியவர்கள், கையில் சுமை இருக்கிறது, நேரமும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு ஒருவரிடம் இப்படிக் கறப்பது கொள்ளைதான்; அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. “தம்பி, நம் மூன்று நாள் சாப்பாட்டுக் காசு இந்த ஒரு வேனோடு போயிற்று” என்றாள் அக்கா. விழாவின் மூன்று நாள் சீட்டுக்கு ஆளுக்கு முந்நூறு டாலருக்கு மேல் ஏற்கெனவே கொடுத்திருந்தோம் என்பதால் அந்த வார்த்தை எனக்கு நன்றாகவே உறைத்தது.

கூடாரத்தை அடித்துவிட்டு ஓடிப்போய் நாங்கள் உட்கார்ந்த முதல் கச்சேரி கடல் பாடல்களைப் பற்றியது. மேடை என்று பெரிதாக எதுவும் இல்லை. முழங்கால் உயரப் பலகை, அதில் ஐந்து சாதாரண நாற்காலிகள், ஐந்து பாடகர்கள். ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவர் அந்தப் பாட்டிலிருந்து ஏதாவது ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டைத் தொடங்குவார். முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தால் இது வராது. ஒருவர் மூழ்கிய கப்பலைப் பாடினால், அடுத்தவர் கரையில் காத்திருந்த மனைவியைப் பாடுவார். மூன்றாமவர் சற்று யோசித்துவிட்டு, தாம் பாட நினைத்திருந்ததை மாற்றி, அந்தக் கப்பலுக்குச் சொந்தக்காரனைத் திட்டுகிற பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். அப்படி யோசிக்கும் அந்த அரை நிமிடத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரிய இன்பமாக இருந்தது.

அந்த ஐவரில் மூத்தவர் கான்செர்ட்டினா வாசித்தார். இரண்டு கைகளுக்கு நடுவே விரிந்து சுருங்கும் அறுகோணப் பெட்டி அது; முன்வரிசையில் இருந்ததால், அதன் தோல்வார் அறுந்த இடத்தை மெழுகு தடவிய நூலால் அவர் தைத்து வைத்திருந்தது வரை தெரிந்தது. தம் முறை வந்தபோது வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக்கு அடியிலிருந்து தடித்த கயிறு ஒன்றை எடுத்து முன்வரிசைக்காரர்களிடம் நீட்டினார். பாய்மரக் கப்பலில் சாண்டி என்ற பாட்டு பொழுதுபோக்குக்குப் பாடப்பட்டதல்ல, அது வேலைக்கருவி என்று விளக்கினார். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் எதிர்ப்பாட்டு பாடுவார்கள். அந்த எதிர்ப்பாட்டில் அழுத்தம் விழும் சொல்லில்தான் எல்லாரும் ஒன்றாக இழுக்க வேண்டும். நங்கூரம் ஏற்ற உருளையைச் சுற்றி நடப்பதற்கு வேறு தாளம், பாய் ஏற்றுவதற்கு வேறு தாளம். எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர், எதிர்ப்பக்கம் பன்னிரண்டு பேர். முதல் முறை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தோம், கயிறு அசையவில்லை. பாட்டோடு சேர்த்து இழுத்தபோது, எதிர்ப்பக்கத்தில் இருந்த பருத்த மனிதர் நாற்காலியோடு ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். ஏலேலோ என்ற சொல் எதற்காகப் பிறந்தது என்பது என் உள்ளங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவின் கையில் கயிறு பட்ட சிவப்பு மறுநாள் வரை இருந்தது. அவள் அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பாடல்களுக்கு அந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 1830களில் இங்கே திமிங்கில வேட்டைக்காரர்களின் நிலையம் இருந்தது. அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் அட்கின்சன் 1843இல் இங்கே நிலம் வாங்கி ஊருக்கு பெல்ஃபாஸ்ட் என்று பெயர் வைத்தார், 1887இல்தான் பழைய பெயர் திரும்பியது. மோய்ன் ஆற்றங்கரையில் இன்றும் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. விழாவை ஜீலாங் நகரத்து நாட்டுப்புற இசைக் குழுவினர் 1977இல் தொடங்கினார்கள். மூவாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர், அந்த நாட்களில் பல மடங்கு பெருத்துவிடுகிறது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட மீனைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். ஆற்றங்கரையில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். விக்டோரியாவில் மீன் வறுவல் கடைகளில் ஃப்ளேக் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சுறாதான்; இது தெரியாமல் பத்து வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறவர்களை எனக்குத் தெரியும். மாவுப் பூச்சு கண்ணாடிபோல் நொறுங்கியது. உள்ளே முள் ஒன்றுகூட இல்லாத வெள்ளைச் சதை, ஆவி பறக்கப் பட்டை பட்டையாகப் பிரிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டு, ஆளுக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்திருந்தவர்கள் இன்னொன்று வாங்கிப் பங்கிட்டுக்கொண்டோம். மூன்று நாளில் விலையைப் பற்றி அக்கா ஒரு சொல்லும் சொல்லாத சாப்பாடு அது ஒன்றுதான்.

அந்த இரண்டாவது மீனுக்காக ஒரு விலை கொடுத்தோம். உழைப்பாளர் பாடல்கள் என்ற கச்சேரிக்கு நாங்கள் போனபோது கூடாரம் நிரம்பியிருந்தது. துணிச்சுவருக்கு வெளியே புல்லில் நின்றபடிதான் கேட்க முடிந்தது. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்பர்னின் கல்தச்சர்கள் உளியைக் கீழே போட்டுவிட்டு, பல்கலைக்கழகக் கட்டட வேலையிலிருந்து நாடாளுமன்றம் வரை நடந்துபோய் எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்ற கதையை ஒரு பெண்மணி பேச்சும் பாட்டுமாகச் சொன்னார். நாங்கள் அனுபவித்துக்கொண்டிருந்த விடுமுறையே அதற்காக விட்டதுதான். முகம் தெரியவில்லை, ஆனால் தாளம் தரை வழியாகவே காலுக்கு வந்தது. அந்தத் தாளக்கருவியை லாகர்ஃபோன் என்கிறார்கள், முடிந்தபின் போய்ப் பார்த்தேன். துடைப்பக் கழி ஒன்றில் பியர் பாட்டில் மூடிகளைத் தளர்வாக ஆணியடித்து, அடியில் ரப்பர் காலணியின் நுனியை மாட்டியிருந்தார்கள். தரையில் குத்தினால் முரசு, பல் வெட்டிய குச்சியால் இழுத்தால் சலங்கை. ஆடு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளிலும் முகாம்களிலும் கையில் கிடைத்ததைக் கொண்டு இசைத்த காலத்தின் மிச்சம் அது. மூடிகள் தேய்ந்து எழுத்தே இல்லாமல் பளபளத்தன.

அன்று இரவு பெரிய மேடையில் பெயர்பெற்ற குழு ஒன்றைக் கேட்டோம். திறமையில் குறை இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியை மெல்பர்னில் ஏதாவது ஓர் அரங்கில் அப்படியே கேட்கலாம். அதற்காகக் குளிரில் புல்தரையில் படுத்துறங்கத் தேவையில்லை. பாதியில் எழுந்து, போர்ப் பாடல்கள் நடந்த கூடாரத்துக்குப் போனோம்.

அங்கே ஓர் இளைஞர் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் தேசிய கீதம்போல எல்லாரும் பாடும் ‘வால்ட்ஸிங் மெட்டில்டா’வின் மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பாஞ்சோ பேட்டர்சன் 1895இல் குயின்ஸ்லாந்தின் டாக்வொர்த் பண்ணையில் அதற்கு வரிகள் எழுதினார் என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பண்ணையில் அவருக்கு மெட்டை வாசித்துக் காட்டிய கிறிஸ்டினா மக்ஃபர்சன், அதற்கு முந்தைய ஆண்டு, 1894 ஏப்ரலில், வார்னம்பூல் குதிரைப் பந்தயத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்க அதைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவர். ஸ்காட்லாந்தின் பழைய மெட்டு. பக்கத்து ஊரில் ஒரு பந்தய மைதானத்தில் ஒரு பெண்ணின் காதில் விழுந்து ஒரு நாட்டின் பாட்டாயிற்று. எங்களிடம் 150 டாலர் பிடுங்கிய பயணம் தொடங்கிய அதே வார்னம்பூல்தான். அந்த ஊர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. வேன்காரர்மேல் உள்ளது தீரவில்லை.

பிறகு அவர், முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் நடந்த சண்டையைப் பற்றி எரிக் போகிள் 1971இல் எழுதிய பாட்டைப் பாடினார். ஸ்காட்லாந்திலிருந்து 1969இல் குடியேறியவர் போகிள். கால்களை இழந்து திரும்பும் ஒரு சிப்பாயின் கதை. கப்பல் புறப்படும்போதும் திரும்பும்போதும் பேண்டு வாசிப்பது அதே மெட்டில்டாவைத்தான். பாட்டின் கடைசியில் அந்தப் பழைய மெட்டு வந்தபோது பாடகர் கிதாரை நிறுத்திவிட்டார். யாரும் சொல்லாமலே கூடாரம் முழுவதும் மெல்லிய குரலில் அதை எடுத்துக்கொண்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசையப் பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டது வீட்டைப் பற்றிய பாடல்கள். நான்கு பேர் பாடினார்கள். மூவர் தாங்கள் விட்டுவந்த ஊர்களைப் பாட, நான்காவதாக இருந்த பெண் ஆர்ச்சி ரோச்சின் ‘டுக் த சில்ட்ரன் அவே’ என்ற பாட்டை எடுத்தார். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசு பிரித்துக்கொண்டுபோன கொடுமையை, அப்படிப் பறிக்கப்பட்ட ஒருவரே 1990இல் வெளியிட்ட இசைத்தட்டில் பாடிய பாட்டு. மெல்பர்னில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்த ஆர்ச்சியை எடுத்துக்கொண்டுபோன ஃபிராம்லிங்ஹாம், அந்தக் கூடாரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம். பிற்காலத்தில் அவர் குடியிருந்த கில்லார்னி, வார்னம்பூல் சாலையில் நாங்கள் கடந்துவந்த சிற்றூர். 2022 ஜூலையில் அவர் இறந்ததும் வார்னம்பூலில்தான். பாட்டு எங்கே நடந்ததோ அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டேன். இதுவரை நான் கேட்டிருந்தது அதன் மெட்டை மட்டும்தான் என்று பட்டது. பாட்டு முடிந்தபின் கைதட்டல் வர வெகுநேரம் ஆயிற்று. அடுத்த முறைக்குரியவர் தம் பிடில் வில்லை மடியில் சாய்த்து வைத்துவிட்டு, பாடவில்லை என்று தலையசைத்தார்.

சொல்வதாக இருந்த விவரங்களுக்கு வருகிறேன். விடுதி அறைகளை மறந்துவிடுங்கள். நான் விசாரித்த ஓரிடத்தில் மூன்று இரவுக்குக் கேட்ட தொகைக்கு உள்நாட்டு விமானத்தில் போய்வந்துவிடலாம். கூடாரம்தான் வழி, மார்ச் என்றாலும் இரவில் கடற்காற்று எலும்பைத் தொடும் என்பதால் கம்பளி வேண்டும். ரொட்டி, பழம், தேயிலை எல்லாம் மெல்பர்னிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், மீனை மட்டும் அங்கே சாப்பிடுங்கள். சீட்டு வாங்க முடியாதவர்களுக்கும் தெருவில் இலவசமாக நிறைய இசை கிடைக்கிறது. வார்னம்பூலில் வேன் பேசினால், கால் வைக்கும் முன் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். சிறிய கூடாரங்களுக்கு அரை மணி முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள், கயிறு அங்கேதான் வரும்.

அக்காவின் கணக்குப்படி இருவருக்கும் சேர்த்து ஆயிரம் டாலரை நெருங்கிவிட்டது. அடுத்த மார்ச்சுக்காக மாதம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதை, திரும்பும் ரயிலில் அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.