பேசக்கூடாத நாட்கள்

ஜூலை 3

பேசக்கூடாது. கிசுகிசுப்பாகக்கூடப் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதலாம்.

ஜூலை 4

இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே முடிச்சு. திரையில் பார்த்தபோது இத்தனூண்டுதான் இருந்தது. ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் அடிக்கடி வருவதுதான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் குரல் பயிற்சியும் போதும் என்கிறார் டாக்டர். லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார்கள் எல்லோரும். என்னால் முடியாது. நோட்டுத் திருத்துகிறேன், ஏழாம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், வாயே திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஹெச்.எம். சரி என்றுவிட்டார்.

ஜூலை 7

என் வகுப்பை எடுக்க வந்திருப்பவர் சின்னப் பெண். மெல்லிய குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கப் போகிறாரோ என்ற பயத்தோடுதான் போய் உட்கார்ந்தேன்.

பலகையில் இரண்டே எண்கள். 0.4, 0.125. எது பெரியது என்று நோட்டில் எழுதச் சொன்னார். அப்புறம் சும்மா நின்றார். யாரையும் கூப்பிடவில்லை, கேள்வியைத் திரும்பச் சொல்லவில்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். எப்போதும் தலையைக் குனிந்தபடி இருக்கும் மூன்றாவது பெஞ்ச் பையன் எழுந்து "0.125 மிஸ்" என்றான். "எப்படிக் கண்டுபிடிச்சே?" "நூத்தி இருபத்தஞ்சு நாலைவிடப் பெருசுதானே." தப்பு என்று அவர் சொல்லவே இல்லை. "சரி, 0.4க்குப் பின்னால ஒரு சைபர் போட்டா அதோட மதிப்பு மாறுமா?" என்று கேட்டார். பையன் விரலால் பெஞ்சில் கோடு போட்டுப் பார்த்தான். பத்தில் நாலு, நூறில் நாற்பது, ஆயிரத்தில் நானூறு என்று அவனே வந்து சேர்ந்தான். "அப்போ நானூறு... நூத்தி இருபத்தஞ்சு..." என்று இழுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்தான்.

அந்த இரண்டு எண்களும் தற்செயலாக வந்தவை இல்லை. 0.4, 0.2 என்று கேட்டிருந்தால் வகுப்பு முழுக்கச் சரியாகச் சொல்லியிருக்கும், யாருக்கு என்ன புரியவில்லை என்பது கடைசிவரை வெளியே வந்திருக்காது. கணக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் கணக்கில் பிள்ளைகள் எந்த இடத்தில் எப்படித் தடுக்கி விழுவார்கள் என்பதும் தெரிய வேண்டும், அது தெரிந்தவர்தான் ஆசிரியர். கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் இதைத் தனி அறிவாகவே பிரித்து எழுதினார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகத் தெரிவது இரண்டிலும் அடங்காதது.

ஜூலை 8

ஜன்னலோரப் பெண் நேற்று 0.4 என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். ஏன் என்று எழுதவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஜூலை 9

வாய் தானாகத் திறக்கிறது. மூடிக்கொள்கிறேன்.

ஜூலை 10

இன்று முழுக்க அவர் காத்திருப்பதையே கவனித்தேன். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஒலிநாடாக்களை வைத்து அளந்து சொன்ன விஷயம் இது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" குறைகிறது, கேட்காமலேயே பேச வருகிற பிள்ளைகள் கூடுகிறார்கள். என்னை இத்தனை வருடமாகத் தூங்கவிடாத பகுதி வேறு, மெதுவாகப் படிக்கிறவர்கள் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைகளுக்குத்தான் அந்த நேரமும் குறைவாகக் கிடைத்தது என்பது. யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவர்களிடமிருந்துதான் அதைப் பிடுங்குகிறோம், அதுவும் பாவம், பதில் தெரியாமல் நிற்க வேண்டாமே என்ற இரக்கத்தில். இரக்கம் நல்ல குணம்தான், ஆனால் வகுப்பறையில் அதற்கும் பொறுமை வேண்டும். இவர் மூன்றாவது பெஞ்சுக்கு எல்லோரையும்விட நீளமாக நேரம் கொடுக்கிறார். அவன் திணறும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார், அவன் நிம்மதியாக யோசிக்கட்டும் என்று. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவருக்கு?

ஜூலை 11

ஆசிரியர் அறையில் ஒருவர், "அவங்க கிளாஸ்ல ஒரே சத்தம், கண்ட்ரோலே இல்ல" என்றார். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது இந்த நோயிலேயே மோசமான நேரம். அது சத்தமா? பெஞ்சுக்குப் பெஞ்ச் கணக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள்! கட்டுப்பாடு என்றால் என்ன என்று உளவியலாளர் ஜேக்கப் கௌனின் வகுப்புகளைப் படம் பிடித்து வைத்துப் பார்த்தார், 1970இல் புத்தகமாகவும் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடப்பதற்கு முன்னாலேயே வகுப்பு முழுக்கத் தன் கண்ணில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவைக்கிறாரா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தொய்வில்லாமல் நகர்த்துகிறாரா என்பதில்தான் இருந்தது. இதையெல்லாம் எழுதி, அப்படிச் சொன்னவர் மேஜையில் வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை.

ஜூலை 14

தூக்கம் வராமல் நன்னூலை எடுத்தேன். நல்லாசிரியர் இலக்கணத்தில் குலத்தை முதலில் வைத்திருக்கிறார் பவணந்தி, அதை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் பாடம் சொல்லும் முறைக்கு வரும்போது "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து கொள்வோன் கொள்வகை அறிந்து" என்கிறார். 13ஆம் நூற்றாண்டு! அவசரப்படக்கூடாது, கோபப்படக்கூடாது, மாணவன் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்று அறிந்து கொடுக்க வேண்டும். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடத்தைச் சொல்கிறார், கழற்சிக்காயைப் போட்ட வரிசை ஒன்று, கொட்டும்போது வரும் வரிசை வேறு. எல்லாம் படித்திருந்தும் முதலில் எதைச் சொல்வது, அப்புறம் எதைச் சொல்வது என்று தெரியாதவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கொள்வோன் கொள்வகை. ஜன்னலோரப் பெண்ணின் கொள்வகை என்ன?

ஜூலை 15

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: "0.4 சரி என்றவர்களிடமும் காரணம் கேளுங்கள்." படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 17

நோட்டுக் கட்டு. மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதுகிறேன். ரூத் பட்லர் 1988இல் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் முன்னேறினார்கள், மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க்கைப் பார்த்தவுடன் நோட்டு மூடப்படுகிறது, வேறென்ன. "நன்று" என்று எழுதுவதும் வீண். "இரண்டாவது வரியில் ஏன் பத்தால் பெருக்கினாய்?" என்று எழுதினால் திரும்பிப் பார்க்கிறார்கள். நேரம் பிடிக்கிறது. கை வலி.

ஜூலை 18

கேட்டார்! பலகையில் 0.3, 0.45. ஜன்னலோரப் பெண் தயங்காமல் 0.3 என்றாள். காரணம்: "நூறுல ஒரு பங்கு, பத்துல ஒரு பங்கைவிடச் சின்னது மிஸ். அதனால நீளமா இருக்கிறது எப்பவும் சின்ன எண்." அதாவது அன்றைக்கு 0.4 என்று அவள் சரியாகச் சொன்னதே இந்தத் தப்பான விதியால்தான். முழு மார்க் வாங்கிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பாள். டீச்சர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது, ஆமாம், மகிழ்ச்சிதான். "நல்லா யோசிச்சிருக்கே, முதல் பாதி சரி" என்றார். பாதி சரி என்பதை இப்படிச் சொல்ல முடிகிறவரிடம் பிள்ளைகள் தப்பை ஒளிக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் "நீங்க எழுதிக் கொடுக்கலைன்னா தோணியிருக்காது டீச்சர்" என்றார். அடுத்தவர் சொன்னதை மூன்று நாளில் கேள்வியாக மாற்றிக் கொண்டுவந்தாரே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஜூலை 21

முடிச்சு கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். வீட்டில் சிறிது பேசலாம், வகுப்பில் இன்னும் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு அடுத்து 0.6, 0.60 கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டும் சமம் என்கிறாளா, இல்லை 0.6தான் பெரியது என்கிறாளா. சமம் என்றால் எண்கோட்டில் குறித்துக் காட்டச் சொல்ல வேண்டும், விதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.