விடைபெறும் தலைவரும் ஒரு பீச் மரமும்

அடிமரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டின் முதிய பீச் (beech) மரம். காலையில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. காட்டைப் பராமரிக்கும் குழுவின் தலைவர் விடைபெறுகிறார்; அவருக்கான நன்றித் தீர்மானத்தில் எதைச் சொல்வது என்று யோசிக்கும்போதும் இந்த மரமே முன்னால் வருகிறது.

முன்பெல்லாம் ஊரார் மாடு எட்டாத உயரத்தில் கிளைகளை விறகுக்கு வெட்டுவார்கள். தளிர்த்து வளர்ந்ததும் மறுபடி வெட்டு. 1878-ல் வந்த எப்பிங் காட்டுச் சட்டம் காட்டை மக்களுக்காகக் காத்தது. விறகு வெட்டும் உரிமையை நிறுத்தியது. (காட்டை ஒட்டிய லௌட்டன் ஊராருக்கு ஈடாக ஒரு மன்றம் கட்டித் தந்தார்கள், இன்றும் நிற்கிறது.) அதன்பின் கிளைகள் பெருத்துக்கொண்டே போய், பாரம் தாங்காமல் அடிமரம் கிழிகிறது.

அப்படியென்றால் மொத்தமாக வெட்டிவிடலாமா?

கூடவே கூடாது. முதிய பீச் பழைய கட்டையிலிருந்து எளிதில் துளிர்க்காது. உச்சிப் பாரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, இலை விடும் கிளைகளை விட்டுவைத்து, சில ஆண்டுகள் பொறுத்து அடுத்த வெட்டு. சுற்றியுள்ள இளமரங்களையும் ஒரேயடியாக அகற்றினால் மெல்லிய பட்டை வெயிலில் வெந்துவிடும்.

காட்டைப் பராமரிக்கும் அந்த எப்பிங் காடு மற்றும் பொதுநிலக் குழுவின் தலைவர் பதவியோ சில ஆண்டுகள்தான். அவர் ஒப்புதல் தந்த வெட்டு துளிர்த்ததா என்று தெரியும்போது நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அப்படிப்பட்ட பொறுமைக்குத்தான் மனமார நன்றி சொல்ல வேண்டும்.

நன்றித் தீர்மானத்தில் திறப்பு விழாக்களைவிட இந்த மரங்கள் முதலில் வரட்டும். எந்த மரம், எந்த ஆண்டு, எத்தனை கிளை விட்டது, அடுத்த வெட்டு எப்போது என்ற பதிவேடு அன்றே புதிய தலைவர் கைக்குப் போகட்டும். அது கைமாறாவிட்டால் அடுத்த வெட்டு தவறும், மரம் பிளக்கும்.