கொக்குவிலும் மீசாலையும், யாழ்ப்பாணம், 1995

18.10.1995, புதன்

நேற்று விடியற்புறம் பலாலி இராணுவ முகாம் பக்கம் தொடங்கிய ஷெல்லடி இன்னும் ஓயவில்லை. தாயைத் தேடி அச்சுவேலிக்குச் சைக்கிளில் போனவர் இரவாகியும் திரும்பவில்லை.

19.10.1995

இன்றும் இல்லை.

22.10.1995, ஞாயிறு

தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலியை இணைத்து பிபிசி தமிழோசை கேட்டோம். அவன் களைத்து வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் அறிவிப்பாளரின் குரல் அமிழ்ந்துபோனது. அச்சுவேலி என்ற பெயர் வந்த இடத்தில் குரல் முற்றாக நின்றுவிட, "நல்லாச் சுத்தடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்களுக்கு அச்சுவேலியில் உறவினர் எவருமில்லை.

24.10.1995, செவ்வாய்

வந்துவிட்டார்!

கிரகணம் முடியும்வரை முற்றத்தில் இறங்கக் கூடாதென்று அம்மம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே படலை திறந்தது. ஜாம் போத்தல் விளக்கின் வாய்க்கு மேலே உடைந்த கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்துக் கரி படிய வைத்தோம். அடியிலிருந்த பஞ்சு குடித்திருந்த மண்ணெண்ணெய் இந்தக் கிழமை முழுவதும் நான் படிப்பதற்கென்று மிச்சம் பிடித்தது. வேறு எவர் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். மேகம் விலகிய நேரங்களில் கண்ணாடியை மாறி மாறி வாங்கி, பிறையாகக் குறைந்திருந்த சூரியனைப் பார்த்ததில் இருவர் விரல்களும் கறுத்துவிட்டன.

தாயார் நீர்வேலியில் உறவினர் வீடொன்றில் இருக்கிறாராம். போகும்போது, "ஷெல் கிட்டினால் அம்மாவை உம்மட வீட்டை கூட்டிக்கொண்டு வரட்டே?" என்று என்னிடம் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார், ஆனால் கேள்வி எனக்கு. "ஓம்" என்று சொன்னேன்.

27.10.1995, வெள்ளி

சாமியறைக்குப் பக்கத்து அறையிலிருந்த நெல்மூட்டைகளை விறாந்தைக்கு இழுத்து, நிலத்தைக் கழுவி, என் கட்டிலை அங்கே போட்டேன். யாருக்கென்று அம்மா கேட்கவில்லை. கந்தசட்டி விரதத்தில் பாலும் பழமுமாக இருக்கும் அம்மம்மா, "வாற மனிசி மச்சம் மாமிசம் சாப்பிடுறவவோ?" என்று மட்டும் கேட்டார். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மத்தியானம் முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

29.10.1995

நீர்வேலிப் பக்கம் சண்டை. வரவில்லை.

30.10.1995, திங்கள்

வலிகாமத்தில் எவரும் இருக்கக்கூடாது, தென்மராட்சிக்கோ வடமராட்சிக்கோ உடனே போய்விடுங்கள் என்று பின்னேரம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா காணி உறுதிகளைப் பொலித்தீனில் சுற்றுகிறார். அம்மா அரிசி கட்டுகிறார். நான் ஒன்றும் கட்டவில்லை. அவரும் தாயாரும் இங்கே வந்து பூட்டிய கதவின் முன்னே நின்றால் என்ன செய்வார்கள்? தென்மராட்சியில், மீசாலையில் எங்களுக்கு மாமி இருப்பது அவருக்குத் தெரியாது. கதவில் கரியால் எழுதியதை, "ஆளில்லா வீடெண்டு ஊருக்குச் சொல்லுறியோ?" என்று அப்பா அழித்துவிட்டார். வந்தால் முதலில் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடிப்பது அவருடைய வழக்கம். ஆகவே கிணற்றுக்கட்டின் உட்புறத்தில் ஆணியால் கீறினேன்: மீசாலை, மாமி வீடு, சந்தையடியில் கேட்கவும். மழை அதை அழிக்காது. ஆனால் இருட்டில் வந்தால்?

01.11.1995, புதன்

செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கே இரவு முழுவதும் சென்றது. ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் நீரேரி, மேலே மழை. தாகம் பொறுக்காத சிலர் குடையைத் தலைகீழாக விரித்து மழைநீரை ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். அம்மம்மா சைக்கிள் கரியரில் குந்தியிருந்தபடி முருகா முருகா என்றுகொண்டே வந்தார். ஒவ்வொரு லாம்பு வெளிச்சத்திலும் நான் முகம் தேடினேன். அவரது நீலச் சட்டையைப் போல ஒன்றைக் கண்டு சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். திரும்பியவர் யாரோ ஒரு கிழவர். அதற்குள் தம்பியைத் தவறவிட்டுக் கைதடியில்தான் மீண்டும் கண்டோம். அம்மா எனக்கு அடித்தார்.

03.11.1995

மாமி வீட்டில் ஒன்பது குடும்பங்கள். எழுத இடமில்லை.

12.11.1995, ஞாயிறு

சாவகச்சேரியில் சனம் நிறைந்த பள்ளிக்கூடங்களையெல்லாம் சுற்றி வந்தேன். நீர்வேலி ஆட்கள் வல்லை வெளியால் வடமராட்சிக்குப் போய்விட்டார்கள் என்கிறார் ஒருவர். இல்லை, ஷெல் விழுந்தபோது பலர் வெளிக்கிடவேயில்லை என்கிறார் மற்றவர். அந்த இரண்டாமவரின் முகத்தையே எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சம் சாப்பிடுபவரா என்று அவரிடம் ஒரு சொல் கேட்டு வைத்திருக்கலாம்.

06.12.1995, புதன்

யாழ்ப்பாணத்தில் அரசாங்கத்தின் சிங்கக்கொடி ஏற்றியாயிற்றென்று நேற்று வானொலி சொன்னதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளாலியால் வன்னிக்குப் போவதென்று முடிவெடுத்து, படகுக்குச் சொல்லி வைக்கப் போயிருக்கிறார். வன்னியில் எந்த ஊர் என்று கேட்டால் அங்கே போய்ப் பார்ப்போம் என்கிறார். அப்படியானால் நான் எந்தச் சுவரில் எதைக் கீறிவிட்டுப் போவது? மாமியுடன் இங்கேயே நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அப்பாவின் சைக்கிள் மணி கேட்கிறது.