கீமோவும் வேலையும்: முதல் சுற்றை வைத்துத் திட்டம் போடுவது

புற்றுநோய்க்குக் கீமோ (மருந்து ஏற்றும் சிகிச்சை) எடுத்துக்கொண்டே வேலைக்குப் போக முடியுமா? முதல் சுற்று, அதாவது முதல் முறை மருந்து ஏற்றியதிலிருந்து அடுத்த முறை ஏற்றும்வரையுள்ள நாட்கள், முடியும்வரை இதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே மேனேஜரிடம் முதல் சுற்றுக்கு மட்டும் பேசி வையுங்கள். மீதியை உடம்பைப் பார்த்துச் சொல்லலாம்.

கீமோ வாரா வாரமும் உண்டு, 14 நாளுக்கு ஒருமுறையும் உண்டு. நிறையப் பேருக்கு வருவது 21 நாள் சுற்று. மருந்து ஏறிய அன்றும் மறுநாளும் பலர் தெம்பாகவே இருப்பார்கள். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு செய்யும் வேலை அது. ராத்தூக்கத்தையும் அதுவே கெடுக்கும். இந்தத் தெம்பை நம்பி மூன்றாம் நாள் மீட்டிங் வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்டீராய்டு நின்றதும் மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரை உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுவது சகஜம். வியாழக்கிழமை மருந்து ஏற்றிக்கொண்டால் இதில் பெரும்பகுதி சனி, ஞாயிறில் கழிந்துவிடும். கிழமையை மாற்றித் தர முடியுமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அடுத்த வாரம்தான் ஏமாற்றும். தெம்பு திரும்பியிருக்கும், ஆனால் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்குவது 7 முதல் 14ஆம் நாளுக்குள். கூட்டமான பஸ், மூடிய ஏசி அறை எல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்க வேண்டிய வாரம் இது. அலுவலகம் போகத் தோதானது மூன்றாவது வாரம்.

முதல் சுற்று முழுக்க ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: உடல் வெப்பம், சோர்வுக்குப் பத்துக்கு எத்தனை, நிஜமாக எத்தனை மணி நேரம் வேலை ஓடியது. இரண்டாவது சுற்றுக்கு இதுதான் அடிப்படை. சோர்வு போகப் போகக் கூடலாம் என்பதால், கணக்கில் வந்த நேரத்தைவிடக் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டு. அணுக்கள் போதாவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும், எல்லாத் தேதியும் கூடவே நகரும். அலுவலகத்தில் தரும் தேதிகள் மாறலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரேடியேஷன் (கதிர்வீச்சு சிகிச்சை) என்றால் பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். தினமும் ஒரே நேரம் கேட்டு வாங்கிவிட்டால் வேலை நேரத்தை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம். சோர்வு கடைசி வாரங்களில்தான் கூடும். லீவை அதற்குச் சேர்த்து வையுங்கள்.

சிகிச்சை தொடங்குமுன் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். பின்னாளில் குழந்தை வேண்டும் என்பவர்கள் கருமுட்டையோ விந்தணுவோ சேமிப்பதைப் பற்றி முதல் மருந்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். டாக்டராகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். சாப்பிடும் மூலிகை, வைட்டமின் உட்பட எல்லா மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரலாம். அதற்கும் மருந்தை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் கடைசியில் எல்லாம் ஒருவர் தலையில்தான் விழும். டாக்டரிடம் ஒருவர் கேட்க, மற்றவர் எழுதட்டும். உறவினர்களின் போனை எடுக்க ஒருவர் போதும். நோயாளி ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டாம். மருந்து ஏறி 48 மணி நேரம்வரை வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கழிப்பறை மூடியை மூடி இருமுறை தண்ணீர் விட வேண்டும். கூட இருப்பவர்கள் தங்கள் லீவு முழுவதையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடக் கூடாது. திடீரென்று அட்மிட் ஆக நேர்ந்தால் அப்போது லீவு தேவைப்படும்.

அந்த அவசரம் பெரும்பாலும் காய்ச்சலாகத்தான் வரும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். அவர்கள் சொல்லாமல் பாராசிட்டமால் போட வேண்டாம், காய்ச்சலை அது மறைத்துவிடும். கீமோ மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, அவசர எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் ஒன்று வையுங்கள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.