மச்சத்தில் தொடங்கும் பாடம்

படத்தில் புள்ளி, கறைகளைப் பக்கத்துத் தோலைக்கொண்டு மறைக்கும் ஹீலிங் டூல் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் மச்சத்தில்தான் தொடங்குவார்கள். அதற்குக் காரணம் உண்டு. பருவைச் சுற்றிச் சிவப்பு பரவியிருக்கும். எங்கே முடிகிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபடாது. மச்சத்துக்கு விளிம்பு தெளிவு, சுற்றிலும் ஒரே நிறத் தோல். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் பிரஷ் அளவை மச்சத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பக்கத்துத் தோலில் ஒரு கிளிக், பிறகு மச்சத்தின்மேல் ஒரு கிளிக். போய்விடும்.

அன்றும் போனது. வகுப்புப் பையன் ஒருவனின் படம், இடது கன்னம். எல்லோரும் கைதட்டி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், டி.சி.யில அங்க அடையாளம்னு அந்த மச்சத்தைத்தானே எழுதியிருப்பாங்க? அதையே எடுத்துட்டா எப்படி சார்?"

"பயிற்சிக்குத்தாம்மா" என்றேன். அந்தப் பதிலில் தப்பில்லை. ஆனால் அடுத்த பாடமே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அங்கே இந்தப் பதில் நிற்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பாடத்தில் கணக்குதான் அதிகம். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், அங்குலத்துக்கு 300 பிக்சல் ரெசல்யூஷன்; அதாவது 413க்கு 531 பிக்சல். 4க்கு 6 அங்குலத் தாளை நிற்கவைத்து அடுக்கினால் ஆறு படம்தான் வரும். படுக்கவைத்தால் மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு. அளவு மாற்றும்போது அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியை அவிழ்த்துவிட்டால் முகம் இழுபடும். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத் தரம் குறைந்திருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். பின்னணியை, ஒத்த நிறத்தைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபஸி செலக்டில் பிடித்தால் வெள்ளைச் சீருடையும் சேர்ந்து போகும். எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்ப்பது என்கிற த்ரெஷோல்டை 15-ல் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அப்படியும் தோள்பட்டை தேறாவிட்டால் விளிம்பைக் கையால் வரையும் பாத் டூல்தான். இதெல்லாம் சரியா தப்பா என்று அளந்து சொல்லிவிடலாம். முகத்துக்கு வரும்போது அளவுகோல் இல்லை.

ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கணினிக்கு முன்பே செய்தவர்கள். நெகடிவில் மச்சம் வெளிறிய புள்ளியாகத் தெரியும். அதன்மேல் பென்சிலால் லேசாகத் தீட்டினால் அச்சில் அந்த இடம் வெளுத்துவிடும். 2002-ல் போட்டோஷாப் 7-ல் வந்த ஹீலிங் பிரஷ் அந்த வேலையை ஒரு நொடிக்குள் முடித்தது, அவ்வளவுதான். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஸ்டுடியோவில் உட்கார்ந்தால், வருகிறவர் முதலில் கேட்கப்போவது "கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடுங்க" என்பதுதான். தெரியாது என்று சொல்ல முடியுமா? இப்படி நினைக்கும்போது பாடம் சரியாகவே படுகிறது. மறுபக்கம், பயண ஆவணங்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. முகத்தைத் திருத்திய படமே கூடாது என்கிறது. அதைப் படித்தால் மாணவி கேட்டதுதான் சரி.

ஆகவே ஒரு விதி வைத்தேன். ஒரு வாரத்தில் தானாகப் போவதை எடுக்கலாம், போகாததைத் தொடக்கூடாது. பரு போகலாம். கொசுக்கடி போகலாம். மச்சமும் தழும்பும் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வெயிலில் இந்த விதி ஆட்டம் காண்கிறது. சைக்கிளில் வந்துபோகும் பிள்ளையின் ஜூன் மாத முகமும் ஜனவரி முகமும் வேலூரில் ஒன்றல்ல. அந்தக் கறுப்பு வாரத்தில் போகாது, மாதங்களில் போகும். எந்தப் பக்கம் சேர்ப்பது? போதாக்குறைக்கு லேப் டியூப்லைட் முகத்தில் பச்சையை ஏற்றும். வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளி எடுக்கும் டிராப்பரைச் சட்டைக் காலரில் வைத்தால் பச்சை போகும். கூடவே முகமும் ஒரு படி வெளுக்கும். அது திருத்தமா, வெளுப்பா? சட்டை சொட்டு நீலம் போட்டு வெளுத்ததாக இருந்தால் இன்னொரு கூத்து. டிராப்பர் அந்த நீலத்தைக் கழிக்கும், முகம் மஞ்சளாகும், மஞ்சளைப் போக்க நடு ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளுவார்கள். மஞ்சள் போகாது, முகம்தான் இன்னும் வெளுக்கும். யாரும் "கலராக்கு" என்று சொல்லவில்லை, ஆனாலும் ஆகிவிட்டது. இதற்கு என் பரிந்துரை, எடுக்கும்போதே கையில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடிக்கச்சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்வது. அதில் சாம்பல் புள்ளி எடுக்கும் டிராப்பரை வைத்தால் சட்டையை நம்ப வேண்டியதில்லை.

மச்சத்தை விட்டுவிட்டு வேறு பயிற்சி கொடுக்கலாம் என்றும் பார்த்தாயிற்று. கோட்டைச் சுவரில் காக்கை எச்சத்தை எடுக்கச் சொன்னால் எல்லோருமே நூற்றுக்கு நூறு. கருங்கல்லில் எந்தத் தப்பும் தெரியாது. தோலில்தான் தெரியும். உதட்டோரத்திலோ முடியோரத்திலோ ஹீலிங் பக்கத்து நிறத்தை இழுத்து அழுக்குப்போலப் பூசும்; அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் க்ளோனுக்கு மாற வேண்டும், ஒப்பாசிட்டியைக் குறைத்து இரண்டு மூன்று முறை தொட வேண்டும். இந்த வித்தியாசம் முகத்தை வைத்துத்தான் விளங்குகிறது.

அதனால் இன்னமும் மச்சமே. ஒரு நிபந்தனை மட்டும்: முதலில் லேயரை நகலெடுத்து, நகலில் மட்டுமே வேலை. விண்ணப்பத்துக்கான படத்தை எக்ஸ்போர்ட் செய்யும் முன், நகல் லேயர் தெரியாதபடி அதன் கண் குறியை அணைத்துவிட வேண்டும். பாதிப் பேர் அணைப்பதில்லை. மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அதே பிள்ளைகள் விண்ணப்பப் படத்துக்கான 50 கேபி வரம்பை ஒருமுறைகூட மறந்ததில்லை.